வேலூர் நாய்த் தத்துச் சேவை: பொருத்தம் பார்ப்பதில் கெட்டி, ரத்தப் பரிசோதனையில் கோட்டை விட்டாச்சு

குழுவின் பெயரை இதில் போடவில்லை. காப்பகம் நடத்துகிறவர்களுக்குக் காரணம் தெரியும். பெயரும் விலாசமும் வெளியே போனால் மறுநாள் விடிகாலையில் கேட் முன்னால் அட்டைப்பெட்டியில் நாலு குட்டி இருக்கும். அதில் ஒன்றுக்குப் பார்வோ (குட்டிகளைக் கொல்லும் வாந்தி, ரத்தபேதி வைரஸ்) இருந்தால் உள்ளே இருக்கிற குட்டிகளையும் சேர்த்துக் கொண்டுபோகும். காட்பாடிக்கு மேற்கே ஒரு மாந்தோப்பில் கொட்டகை, மாதத்தில் இரண்டு ஞாயிறு ஊருக்குள் தத்து முகாம், கருத்தடை, தடுப்பூசி எல்லாம் சேர்த்து 1,000 ரூபாய் கட்டணம். இவ்வளவு அடையாளம் போதும்.

தத்து முகாம் என்றால் சாயங்காலம் 'எத்தனை போச்சு' என்று எண்ணுவதுதான் எங்கும் வழக்கம். இந்தக் குழு 'எத்தனை திரும்பி வந்தது' என்று எண்ணுகிறது. அந்தக் கணக்கின் விளைவு முகாமின் வாசலிலேயே தெரிகிறது: நாயைக் காட்டுவதற்கு முன்னால் படிவத்தை நீட்டுகிறார்கள். இது சின்ன விஷயமில்லை. முதலில் குட்டியை மடியில் வைத்துவிட்டால் அப்புறம் எந்தக் கேள்விக்கும் 'ஆமாம் ஆமாம்' என்றுதான் பதில் வரும்.

படிவத்தில் 'நாய் ஏன் பிடிக்கும்' மாதிரி கேள்வியே கிடையாது. காலை 6 மணிக்கு வீட்டில் யார் விழித்திருப்பார்? வீடு தொடர்ந்து எத்தனை மணி நேரம் பூட்டிக் கிடக்கும்? மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் எத்தனை அடி? கேட் கம்பிக்கு நடுவே முஷ்டி நுழையுமா? மூடாத கிணறு, சம்ப் உண்டா? கோழி, ஆடு, பூனை இருக்கிறதா? பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யாரிடம் விடுவீர்கள், அவர் கைபேசி எண் என்ன? கடைசிக் கேள்விக்கு அங்கேயே அந்த எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்கிறார்கள். 'எனக்குத் தெரியாதே' என்று மறுமுனையில் சொன்னால் அன்றைக்கு நாய் கிடையாது. கடுமைதான், ஆனால் சரியான கடுமை. விடுமுறைக்குப் பூட்டிவிட்டுப் போன வீட்டு வாசலில் கட்டிக் கிடந்த நாயை அவிழ்த்து வருவதும் இதே குழுவின் வேலைதான்.

வேலூருக்கென்றே இரண்டு விதி வைத்திருக்கிறார்கள். முதலாவது, கல்லூரி மாணவருக்கு நிரந்தரத் தத்து இல்லை. படிப்பு நாலு வருஷம், நாயின் ஆயுள் 12 முதல் 15 வருஷம். விஐடி பக்கத்தில் அறை எடுத்துத் தங்கிய பிள்ளைகள் ஆசையாக வளர்த்து, கடைசிப் பரீட்சை முடிந்ததும் டீக்கடைக்காரர் தலையில் கட்டிவிட்டுப் போன நாய்கள் தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். ஆனால் மாணவர்களை ஒரேயடியாக ஒதுக்காமல் தற்காலிகப் பராமரிப்புக்கு, அதுவும் அதிகபட்சம் 6 வாரத்துக்கு, எடுத்துக்கொள்கிறார்கள். கொட்டகையில் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் நாய் ஒரு அறைக்குள் போய் ரெண்டு வாரம் இருந்தால்தான் அதன் உண்மையான குணம் வெளியே வரும். மாணவர் எழுதித் தரும் குறிப்பு அடுத்த வீட்டைத் தேட உதவுகிறது. இரவு எத்தனை மணிக்கு எழுப்பியது, துடைப்பத்தைப் பார்த்தால் என்ன செய்தது, தனியே விட்டால் எத்தனை நிமிஷத்தில் அழ ஆரம்பித்தது என்பது வரை அதில் இருக்கிறது.

இரண்டாவது விதி ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு. சிஎம்சி மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கிறவர் தனியே இருந்தால் குட்டி தரமாட்டார்கள். 2 வயது தாண்டிய, வீட்டுப் பழக்கம் வந்த நாயாகத் தருகிறார்கள். இரண்டு மாதக் குட்டி சிறுநீரை அடக்குவது சுமார் 2 அல்லது 3 மணி நேரம். வளர்ந்த நாய் 8 மணி நேரம் தாங்கும். பாசத்தை விட்டுவிடுங்கள், இந்த எண் ஒன்றே போதும் முடிவெடுக்க.

வாடகை வீடு என்றால் ஓனர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். அடுக்குமாடிச் சங்கம் நாய்க்குத் தடை போட முடியாது என்று விலங்கு நல வாரியத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இருக்கிறது. அதைக் காட்டி வாதாடிச் சிலர் கடிதத்தைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஓனர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துக் காலி பண்ணச் சொன்னால் வழிகாட்டுதலைக் காட்டிக்கொண்டு யாரும் தெருவில் நிற்பதில்லை. நாய்தான் நிற்கும். கடிதத்தை விட்டுக்கொடுக்காமல் இருப்பது நல்லது.

முகாமில் நாள் முழுக்கக் கேட்கிற பேச்சு ஒன்று:

"பெட்டையா? வேணாம்மா, வருஷம் ரெண்டு வாட்டி குட்டி போட்டுனே இருக்கும்."

"ஆபரேஷன் ஆயிடுச்சுங்க ஐயா. காது நுனி வெட்டியிருக்கு பாருங்க, அதான் அடையாளம்."

"அப்ப காவலுக்கு ஆவுமா?"

"கேட்டாண்ட நின்னு குரைக்கும். அதுக்கு மேல என்னங்க வேணும்?"

கடுவனைக் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேரைப் பெட்டையோடு அனுப்பி வைக்கிற சாமர்த்தியம் முகாம் நடத்தும் பெண்களுக்கு இருக்கிறது. அதில் தவறில்லை. கருத்தடை ஆன பெட்டை சுற்றப் போகாது, சண்டைக்குப் போகாது, முதல் தடவை நாய் வளர்க்கும் வீட்டுக்குப் பெரும்பாலும் அதுவே தோது. ராசிக்காக நகத்தை எண்ணிப் பார்க்கிறவர்களைச் சிரித்துக்கொண்டே சமாளிக்கிறார்கள். கறுப்பு நாய்தான் வேண்டும் என்று குறிப்பாகக் கேட்பவரிடம் மட்டும் ஒரு கேள்வி கூடுதலாக வருகிறது: யாராவது பரிகாரம் சொன்னார்களா? பைரவர் பேரைச் சொல்லி எடுத்துப்போன கறுப்பு நாய், பரிகாரக் கெடு முடிந்ததும் திரும்பி வரும். கேள்வியைக் கேட்டுவிட்டுத் தட்டில் சோறு வைக்கத் தோப்புக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறார்கள். புண்ணியமும் ஆச்சு, நாயும் தப்பிச்சது.

நாயைச் சோதிக்கும் விதம் தோப்பில்தான் பார்க்க வேண்டும். குடியாத்தம், அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமத்து வீட்டுக்குப் போகிற நாய்க்கு முதல் பரீட்சை கோழி. கம்பி வலைக்குள் இரண்டு நாட்டுக்கோழி. நாயைக் கழுத்துப்பட்டையிலும் மார்புப்பட்டையிலுமாக இரண்டு கயிறு போட்டுப் பதினைந்தடி தள்ளி நிறுத்துகிறார்கள். கோழியைப் பார்த்துவிட்டுத் திரும்பி ஆளையும் பார்க்கிற நாய் தேறியது. குரைத்துத் துள்ளுகிற நாயைப் பழக்கலாம். பார்வையை எடுக்காமல், வாயை மூடி, ஒரு முன்காலைத் தூக்கிக் கல்லாகச் சமைந்து நிற்கிறதே, கூப்பிட்டாலும் காது அசையாமல், அதுதான் கோழிக்கு எமன். அந்த நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் கோழி வீட்டுக்குத் தரமாட்டார்கள். ஒரு குறை சொல்லவேண்டும்: கோழி சும்மா நிற்கும்போதே சோதனையை முடித்துவிடுகிறார்கள். அது பாதிச் சோதனை. துரத்தும் புத்தி கோழி படபடத்து ஓடும்போதுதான் கிளம்பும். வலைக்குள் ஒரு கைப்பிடி கம்பு தானியத்தை இறைத்துக் கோழிகளை ஓடவிட்டுப் பார்த்தால் மீதிப் பாதியும் தெரிந்துவிடும்.

'அமைதியான நாய்' என்று குறிப்பு எழுதுவதில் இன்னும் நிதானம் வேண்டும். கொட்டகைக்கு வந்த முதல் மூன்று நாள் நாய் பயத்தில் உறைந்திருக்கும். சோறு தின்னாமல், யார் தொட்டாலும் அசையாமல் கிடக்கும். அதைச் சாது என்று குழந்தை இருக்கும் வீட்டுக்கு அனுப்பினால் மூன்றாவது வாரம் உறுமல் கேட்கும். கண்ணின் வெள்ளை ஓரமாகத் தெரிவது, பசியில்லாமல் உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, வால் வயிற்றோடு ஒட்டுவது எல்லாம் 'போதும், தள்ளிப் போ' என்பதற்கு நாய் பேசும் பாஷை. பழைய தொண்டர்களுக்கு இது தெரிகிறது. புதிதாக வந்த பிள்ளைகள் கொட்டாவி விட்ட நாயை 'பாவம், தூக்கம் வருது' என்று குழந்தை கையில் கொடுத்ததையும் பார்க்க முடிந்தது. சோற்றுத் தட்டு விஷயத்தில் மட்டும் நேர்மாறு: கொட்டகையில் தட்டைக் காத்து உறுமியது என்பதற்காக ஒரு நாயை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. நாற்பது நாய்க்கு நடுவில் காத்த தட்டை, தனியாகச் சோறு கிடைக்கும் வீட்டில் பல நாய்கள் காப்பதில்லை.

ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை உள்ள வீட்டார் எல்லாரும் குட்டிதான் கேட்கிறார்கள், 'ரெண்டும் சேர்ந்து வளரட்டும்' என்று. குட்டிக்கு ஆறு மாதம் வரைக்கும் பல் ஊசி மாதிரி கூராக இருக்கும்; எதைப் பார்த்தாலும் வாயில் போடும். குழந்தையோ வாலைப் பிடித்து இழுக்கும். இரண்டும் சேர்ந்து அழும். பிள்ளைகளோடு ஏற்கெனவே பழகிய, 2 முதல் 4 வயதுள்ள நாயைக் காட்டி மனத்தைத் திருப்புவது இந்தக் குழுவின் பழக்கம். ஒத்துக்கொள்ளாதவரைக் கட்டாயப்படுத்தாமல் ஆறு மாதம் கழித்து வரச் சொல்கிறார்கள்.

ஜாதி நாய் கேட்டு வருகிறவர்களுக்கும் பதில் தயாராக இருக்கிறது. அக்கினி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்க வேண்டும், அதற்குத் தோதான மூக்கு அதற்கு இல்லை. அதனால் தகர ஷீட் போட்ட மாடி வீட்டுக்கு இந்த வகை கிடையாது, ஹஸ்கியும் கிடையாது. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள். நாலடி காம்பவுண்டு அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. தினமும் கட்டவிழ்த்து ஓட இடமுள்ள, ஆறடிச் சுவர் எழுப்பிய வீடு வேண்டும். ராஜபாளையம் வகை நாய்களில் பிறவிச் செவிடு உண்டு. தூங்கும்போது பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தே தருகிறார்கள். நிலத்தில் அதிர்வு தெரியாமல் தட்ட வேண்டும், காலை உதைத்தால் செவிட்டு நாயும் திரும்பும். செவிடு என்று தெரிந்த நாய் கைச்சாடை பழகிய பிறகே போகிறது. இதையெல்லாம் கவனிக்கிறவர்கள் கையில் கொடுக்கும் வெயில் துண்டறிக்கையில் ஒரு பழைய தவறு இருக்கிறது. மயங்கிய நாய்மேல் ஈரத்துண்டைப் போர்த்தச் சொல்கிறது. போர்த்திய துண்டு சீக்கிரம் சூடாகி உடம்புச் சூட்டை உள்ளேயே பூட்டிவிடும். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றி, மின்விசிறிக் காற்றை அடித்து, சூடு இறங்கத் தொடங்கிய பிறகே டாக்டரிடம் தூக்கிப்போக வேண்டும். நாயின் இயல்பான சூடு சுமார் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41ஐத் தொட்டால் ஆபத்து.

இனி கோட்டை விட்ட கதை. நாயோடு தரும் மருத்துவப் புத்தகத்தில் பூச்சி மருந்து, பல நோய்க்குமான கூட்டுத் தடுப்பூசி, வெறிநாய்த் தடுப்பூசி எல்லாம் தேதியோடு ஒட்டியிருக்கிறது. ரத்தப் பரிசோதனைத் தாள் மட்டும் இல்லை. தெருவிலிருந்து வந்த நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் பார்க்காமல் கொடுப்பது, ரிப்பேர் தெரியாத வண்டியை வாட்டர் வாஷ் மட்டும் பண்ணி விற்பது மாதிரி. அதைத் தரும் எர்லிக்கியா கிருமி வெளியே ஒன்றும் காட்டாமல் மாதக்கணக்கில் உள்ளே கிடக்கும். இடம் மாறிய அலைச்சலில் தலைதூக்கும். நாய் சோறு மறுக்கும், ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரும். வீட்டுக்காரர் 'புது இடம், ஏங்குது' என்று நினைத்து நாலு நாள் விட்டுவிடுவார். முழு ரத்த எண்ணிக்கையில் பிளேட்லெட் குறைந்திருந்தாலே சந்தேகப்பட வேண்டும். ரத்தத் துளியைக் கண்ணாடியில் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பதும் விரைவுச் சோதனைக் கிட்டும் சேர்ந்தால் எர்லிக்கியாவா, உண்ணி பரப்பும் இன்னொரு கிருமியான பபேசியாவா என்று தெரியும். இரண்டுக்கும் மருந்து வேறு. எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் 28 நாள். பத்தாவது நாள் நாய் குதிக்கிறது என்று நிறுத்தினால் மறுபடி வரும்.

உண்ணிக்கு நாயை மட்டும் குளிப்பாட்டி அனுப்புவதும் போதாது. வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கிச் சுவர் விரிசலில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். தோப்புக் கொட்டகையின் செங்கல் சுவர் பூசாமல் கிடக்கிறது. ஆள் உயரம் வரைக்கும் சிமெண்ட் பூசி இடுக்கை அடைத்தாலே பாதி உண்ணி குறையும். இதை அவர்களிடம் சொன்னபோது காசு இல்லை என்றார்கள். கட்டணத்தை ஏற்றியாவது ரத்தப் பரிசோதனையைச் சேர்க்கலாம் என்பது எங்கள் எண்ணம். ஆயிரம் ரூபாய்க்கு யோசிக்கிறவர் நாளைக்கு டாக்டர் செலவுக்கும் யோசிப்பார்.

குட்டிகள் விஷயத்தில் இன்னொரு அவசரம். 45 நாள் குட்டியை ஒரே ஒரு ஊசியோடு முகாமில் கொடுத்துவிடுகிறார்கள். 8 வாரம், அதாவது 56 நாளாவது தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் இருந்தால்தான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று கற்றுக்கொள்ளும். ஊசியும் ஒன்று போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியை வேலை செய்யவிடாமல் மறிக்கும். அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரைக்கும் போடுவது. வெறிநாய்த் தடுப்பூசி 3 மாதத்தில். அவ்வளவு நுணுக்கமான படிவத்தில் விட்டுப்போன கேள்வியும் இங்கேதான் இருக்கிறது: 'கடந்த ஒரு வருஷத்தில் இந்த வீட்டில் குட்டி எதுவும் வாந்தி, ரத்தபேதியில் செத்ததா?' பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஃபினாயிலை நம்ப முடியாது. தரையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிஷம் ஊறவிட வேண்டும். மண் தரைக்கு அதுவும் உதவாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஊசி முடித்த பெரிய நாய்தான் தர வேண்டும்.

ஒப்படைக்கும் முறை பாராட்டும்படி இருக்கிறது. ஒரு கயிறு கழுத்துப்பட்டையில், ஒன்று மார்புப்பட்டையில். ஆட்டோவில் நாய் நடுவில், இருபுறமும் ஆள். வீட்டு கேட்டைத் தாழ் போட்ட பிறகே கயிறு அவிழ்ப்பது. புது நாய் ஓடிப்போவது பெரும்பாலும் முதல் சில நாளில்தான். பயந்த நாய் பின்னால் இழுத்துத் தலையைக் குனிந்தால் கழுத்துப்பட்டை சட்டை மாதிரி கழன்றுவிடும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் தத்தை நிறுத்திவைக்கிறார்கள். அதே யோசனையை மாசியில் மயானக் கொள்ளைக்குப் பாலாற்றங்கரை வீடுகளுக்கும், வைகாசி முதல் தேதி கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் குடியாத்தம் டவுனுக்கும் நீட்டலாம். பறையும் வெடியும் நாய்க்கு எந்த மாதமாக இருந்தாலும் ஒன்றுதான்.

போன் விசாரிப்பு மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் வருகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. தப்பான இடத்தில் நிற்கிறது. முதல் மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டு நேரம் பிடிபடும், மூன்று மாதத்தில்தான் 'இது என் வீடு' என்கிற எண்ணம் வரும் என்று இத்துறையில் சொல்வார்கள். பால்காரரைக் கடிப்பது, கேட்டைக் காப்பது எல்லாம் அந்த எண்ணம் வந்த பிறகு. அதாவது பிரச்சினை தொடங்கும் வாரத்தில் குழு போனை வைத்துவிடுகிறது. மூன்றாம் நாள் அழைப்பை விட்டுவிட்டு மூன்றாம் வாரமும் மூன்றாம் மாதமும் கூப்பிட்டாலே திரும்பி வருவதில் ஒரு பகுதி குறையும்.

ஒப்பந்தத் தாளில் 'வைத்துக்கொள்ள முடியாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் எங்களிடமே தரவும், காரணம் கேட்க மாட்டோம்' என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. இது இருக்கும் வரை மீதிக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். தத்தெடுத்த தெருநாயை மறுபடி தெருவில் விடாமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில் சொன்னது. அந்த வரியையும் தாளில் சேர்த்திருக்கிறார்கள்.

மதிப்பெண்: ஐந்துக்கு மூன்றரை. போகிறவர்கள் காலை 10 மணிக்கே போய்விடுங்கள். மதியம் வெயில் ஏறி, தொண்டர்களும் நாய்களும் களைத்த பிறகு படிவம் இளகுகிறது. காலையில் 'வேண்டாம்' என்ற வீட்டுக்கு ஒன்றரை மணிக்கு 'சரி, பார்க்கலாம்' என்கிறார்கள். ஓனர் கடிதம், கேட்டும் மொட்டைமாடியும் தெரிகிற போட்டோ, வீட்டில் எல்லாருடைய சம்மதமும் கையோடு இருக்கட்டும். நாய் பிடித்துப்போனால் முன்பணம் கட்டிவிட்டு, உங்கள் செலவில் ரத்தம் எடுத்துப் பார்த்து, அடுத்த ஞாயிறு கூட்டிவருகிறேன் என்று சொல்லுங்கள். கேட்டால் சம்மதிக்கிறார்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை நாடாவால் அளந்துகொண்டு, இரண்டு விரல் நுழையும் அளவில் மார்புப்பட்டையை நீங்களே வாங்கிப் போவது நல்லது. அவர்களிடம் இருப்பது எல்லா நாய்க்கும் ஒரே அளவு.